பழுதுபார்த்த எஞ்சினும் பழைய கடனும்

"ஐயா, 'நான்' என்று நிலையாக ஒருவன் இல்லை என்பது பகவன் போதனை. அப்படியானால் ஏழு ஆண்டுகளுக்கு முன்பு கடன் வாங்கியவன் யார்? இன்று அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவன் யார்?"

சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில் உபாசகர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. அவர் இளைஞர். பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் வாழ்பவர். கேள்வியைக் கேட்டுச் சிலர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு முதிய அம்மையாரின் இருபதாயிரம் ரூபாய் நின்றதை நாம் அறிவோம்.

அந்த அம்மையார் இவருடைய சின்னம்மா. இடுக்கி மாவட்டத்து உடும்பன்சோலைத் தாலுகாவில் ஏலத்தோட்டக் கூலி வேலை செய்து, கைம்பெண்ணாக வாழ்பவர். ஏலக்காய் பறித்துச் சேர்த்த பணத்தை அக்காள் மகன் கேட்டான் என்று எடுத்துக் கொடுத்தார். அந்நாளில் இவர் குடிகாரர். வாங்கிய பணம் எந்த வழியில் சென்றதென்று சொல்ல வேண்டுவதில்லை. பின்னர் இவர் திரிசரணம் அடைந்தார், பஞ்சசீலம் ஏற்றார், குடியை அறவே விட்டார். இதில் பொய்யில்லை, ஊரே சாட்சி. ஆயினும் கடன் மட்டும் நின்றது. கேட்டால், "அந்தக் குடிகாரன் செத்துப் போனான், ஐயா. நான் வேறு ஆள்" என்று பாதி விளையாட்டாகவும் பாதி மெய்யாகவும் சொல்லி வந்தார்.

இதற்கு விடை கூட்டத்திலே கிடைக்கவில்லை. அவருடைய வீட்டுத் திண்ணையிலே, ஒரு மோட்டார் சைக்கிளின் சிலிண்டர் ஹெட்டைப் பிரித்துச் சேர்த்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைத்தது. அதனை அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டி அவருடைய தந்தையார் வைத்திருந்த பழைய புல்லட். 1955ஆம் ஆண்டு முதல் சென்னையில் உருவாகி வந்த வண்டியினத்தைச் சேர்ந்தது; 346 சி.சி. கொள்ளளவு, இரும்புச் சிலிண்டர், அதன்மேல் அலுமினிய ஹெட், உள்ளே வரும் வாயுவுக்கு ஒரு வால்வு, வெளியேறும் புகைக்கு ஒரு வால்வு. தந்தையார் இருந்தவரை போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்கிய வண்டி, இப்போது சமவெளியிலேயே திணறிற்று. கிக்கரை மிதித்தால் எதிர்ப்பின்றிக் கால் கீழே போயிற்று. சிறு ஏற்றத்திலும் இழுவை இல்லை. இவர் முறையாகத் தொழில் கற்றவர் அல்லர். கேட்டும் பார்த்தும் கற்றவர். நாமும் எக்கல்லூரியிலும் பயிலாமல் நூற்பாலை இயந்திரங்களிடம் பாடம் கேட்டவரே ஆதலின், பக்கத்தில் அமர்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் வேலையை ஏற்றோம்.

பெட்ரோல் டாங்கியையும் கார்ப்பரேட்டரையும் புகைக்குழாயையும் கழற்றிய பின், ராக்கர்களையும் புஷ்ராடுகளையும் எடுத்தார். ஹெட்டின் நட்டுகளை ஒரேயடியாகத் தளர்த்தாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். அவ்வாறு செய்யாவிடில் மென்மையான அலுமினியம் கோணிவிடும். ஹெட் கையோடு வந்தது. உள்ளே கரி அப்பியிருந்தது. இரும்பால் சுரண்டினால் கீறல் விழுமென்று மூங்கில் சீவலால் பொறுமையாகச் சுரண்டினார். ஸ்பிரிங்கை அமுக்கி, வால்வு லாக் என்னும் இரு பிளவுத் துண்டுகளை எடுத்ததும் வால்வுகள் விடுபட்டன.

புகை வால்வின் விளிம்பு ஓரிடத்தில் எரிந்து தின்னப்பட்டிருந்தது. காரணம் தெளிவு. வால்வு தன் வெப்பத்தை, அமரும் சீட்டின் வழியாகவே பெரும்பாலும் இறக்கி வைக்கிறது. டேப்பெட் இடைவெளியை நெடுநாள் கவனியாது விட்டால் அது இறுகி, வால்வை முழுதும் அமரவொட்டாது சிறிதே தூக்கி நிறுத்தும். அந்த மெல்லிய இடுக்கின் வழியே தீயனைய வாயு பாயும், விளிம்பு எரியும். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் 1,500 முறை திறந்து மூடுகிறது. ஒரு முறை நேரும் தீங்கு காண இயலாதது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தபோது பள்ளமாயிற்று. வினை சேரும் வகையும் இஃதே அன்றோ?

வால்வுகள், ஸ்பிரிங்குகள், கேஸ்கட் ஆகியவற்றைப் புதிதாக வாங்கினார். வால்வு கைடுகளை மாற்றவும் சீட்டைச் சீவவும் ஹெட்டை லேத் கடைக்குக் கொண்டு போய் வந்தார். பழைய உறுப்புகளையெல்லாம் ஓர் அலுமினியத் தட்டில் இட்டுத் திண்ணையில் வைத்தார். வைத்துவிட்டு நம்மைப் பார்த்து, "ஐயா, அப்பாவின் எஞ்சின் தட்டில் இருக்கிறதா, ஹெட்டில் இருக்கிறதா?" என்றார். முன்னைய கேள்வியே வேறு உடை உடுத்து வந்தது. "வேலையை முடி தம்பி, பிறகு பேசுவோம்" என்றோம்.

இரண்டாம் ஞாயிறு. புதிய வால்வின் விளிம்பில் அரைக்கும் பசையைத் தடவி, ரப்பர்க் கிண்ணம் பொருத்திய கோலை அதன் தலையில் ஒட்டி, மத்துக் கடைவதுபோல் இரு உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி, சீட்டோடு சேர்த்து அரைத்தார். முதலில் கரட்டுப் பசை, பின்னர் நயமான பசை. இடையிடையே தூக்கித் திருப்பி வைத்து மீண்டும் அரைத்தார். சுற்றிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் ஒன்று தோன்றினால் வால்வும் சீட்டும் பொருந்தின என்பது அடையாளம். பசையை முற்றும் கழுவி, வால்வுகளைப் பொருத்தி, புகைத்துளையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு வால்வின் ஓரத்தில் ஒரு துளி கசிந்தது.

மாலை மங்கிற்று. அப்படியே பூட்டிவிட்டால் வண்டி ஓடும்; ஒருவருக்கும் தெரியாது. அவர் அந்தத் துளியை நெடுநேரம் பார்த்தார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. மீண்டும் ஸ்பிரிங்கை அமுக்கி, வால்வைக் கழற்றி, வெளிச்சத்தில் சீட்டைப் பார்த்தார். லேத்தில் சீவியும், பழைய வால்வு எரிந்த இடத்துக்கு நேராகச் சீட்டில் ஒரு சிறு குழி எஞ்சியிருந்தது.

"வால்வு புதிது, ஐயா. பழைய வால்வு பறித்த குழியை இதுதான் அரைத்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது" என்றார். சொன்னவர் சட்டென்று வாய்மூடினார். தட்டைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். பிறகு பசையை எடுத்துக்கொண்டு மறுபடி அரைக்கத் தொடங்கினார்.

அன்பர்களே, அவர் கேட்ட கேள்விக்கு அவரே விடை சொல்லிவிட்டார். அதனை விரித்துரைப்பதே நம் வேலை.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்குப் பாரதத்தை ஆண்ட கிரேக்க மன்னர் மிலிந்தர், நாகசேன தேரரிடம் இதே ஐயத்தை எழுப்பியதாக 'மிலிந்த பஞ்ஹா' என்னும் பாளி நூல் கூறும். தேர் என்பது அச்சோ, சக்கரமோ, நுகமோ என்று தேரர் வினவ, அவற்றுள் எதுவும் தேரன்று, அவையெல்லாம் சேர்ந்தவழி 'தேர்' என்பது வழங்கும் பெயரே என்று மன்னர் ஒப்புக்கொள்கிறார். அவ்வாறே உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு என்னும் ஐங்கந்தங்கள் சேர்ந்தவழி 'இன்னார்' என்பது வழக்கு. நம் வண்டிக்கும் அஃதே. அரசாங்கப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண் உண்டு. அந்த எண் கீழ்ப்பெட்டியில் பொறிக்கப்பட்டிருப்பதால், ஹெட் முழுதும் மாறினாலும் வண்டி அதே வண்டியே. இது வழக்கு உண்மை. வழக்குக்குப் பயன் உண்டு. அதனால் அது நிலைத்த ஆன்மா ஆகிவிடாது.

பலர் தேர் உவமையோடு நின்றுவிடுகின்றனர். அதே நூலில் மாங்கனி திருடியவன் உவமையும் உண்டு. திருடியவன், "உரியவன் நட்டது வேறு மாங்கொட்டை; நான் பறித்தது வேறு கனி; ஆகையால் நான் குற்றவாளி அல்லேன்" என்று வாதாடினால் அரசன் விடுவானா? விடமாட்டான். நட்ட கொட்டையின் சார்பாகவே கனி தோன்றிற்று. முன்னிரவில் எரியும் சுடரும் பின்னிரவில் எரியும் சுடரும் ஒன்றன்று. வேறு விளக்கும் அன்று. அதுவுமன்று, பிறிதுமன்று என்பதே தேரர் காட்டும் நடுவழி.

நாம் நூற்பாலையில் இருந்தபோது இவ்வுண்மையை நாள்தோறும் கையால் தொட்டோம், ஆனால் அறிந்தோமில்லை. 40ஆம் நம்பர் நூல் என்பது ஒரு பவுண்டு எடைக்கு 40 சிட்டம் நூல். ஒரு சிட்டம் 840 கஜம். ஆக 33,600 கஜம். அந்நூலில் உள்ள பஞ்சிழை ஒன்றின் நீளமோ ஏறத்தாழ ஓரங்குலம். முதலிலிருந்து கடைசிவரை ஓடும் இழை ஒன்றுகூட இல்லை. ஒன்றையொன்று பற்றி முறுக்கிக்கொண்டதனால் நூல் நிற்கிறது. ஆன்மா இன்றி வாழ்க்கை எப்படித் தொடரும் என்று கேட்பவருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

ஷிப்டு மாறும் நேரத்தையும் நினைக்கிறோம். முன் ஷிப்டுக்காரர் அறுந்த நூல்களைக் கட்டாமல் விட்டுப் போயிருப்பார். வந்த புதிதில் நாம், "இவை நாம் அறுத்தவை அல்ல" என்று முணுமுணுத்து நின்றோம். நின்ற நேரமெல்லாம் பஞ்சு வீணாயிற்று. அறுத்தவர் யார் என்ற வழக்கு ஒருபுறம் இருக்க, ஃபிரேம் இப்போது எவர் கையில் உள்ளதோ அவரே அறுந்ததைக் கட்ட வல்லவர். பொறுப்பு என்பது பழியன்று. கை எட்டும் இடத்தில் நிற்பது.

இனி, "வாங்கியவன் மறைந்தான்" என்ற வாதத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். வாங்கியவன் மறைந்தான் எனின், கொடுத்த சின்னம்மாவும் மறைந்திருக்க வேண்டும். ஏழு ஆண்டுகளில் அவருடைய உருவும் நுகர்ச்சியும் மாறியுள்ளன; முழங்கால் தேய்ந்துள்ளது. ஆனால் கையில் பணமின்மையால் மழையிலும் தோட்டத்துக்குப் போகும் துன்பம் தொடர்ந்து வந்துள்ளது. அநாத்மத்தைத் தன் கடனுக்குச் சொல்லிப் பிறர் துன்பத்துக்குச் சொல்லாதவன், அநாத்மத்தை அறிந்தவனல்லன். 'நான்' என்பதை ஒளித்து வைக்க அதை ஒரு திரையாகக் கட்டியவன். 'நான், எனது' என்னும் பற்று தளர்ந்த இடத்தில் கடன் குறையாது; கொடுக்கும் கை விரியும்.

அங்குலிமாலர் வரலாறு நம் அன்பர் அறிந்ததே. கொலைத்தொழில் புரிந்தவர் பகவன் திருவடி அடைந்து பிக்குவானார். பேறுகாலத்தில் துன்புற்ற ஒரு பெண்ணிடம், தாம் ஆரியப் பிறப்பு எய்திய நாள்முதல் அறிந்து ஓருயிரையும் கொன்றதில்லை என்ற வாய்மையைக் கூறுமாறு பகவன் அவரை அனுப்பினார். அஃதாவது, அவர் மெய்யாகவே வேறு பிறப்பாளர் என்பதைப் பகவனே ஏற்றார். ஆயினும் பிச்சைக்குச் சென்றபோது கல்லும் தடியும் பட்டு, மண்டை உடைந்து, கிழிந்த சீவரத்தோடு அவர் திரும்பினார். பழைய வினையின் பயன் இது, பொறுத்துக்கொள் என்றே பகவன் அருளினார். "அடிபட வேண்டியவன் நானல்லேன்" என்று அங்குலிமாலர் வாதாடவில்லை. அருகர் ஆகிய பின்னும் அவர் இரண்டையும் ஒருங்கே ஏற்றார்.

ஆகவே இருவகைப் பிழைகள் உண்டு. "அவனே நான், குடிகாரன் என்றும் குடிகாரனே" என்பது ஒன்று. இது நித்தியவாதம். மாறாத ஆன்மா ஒன்று இருக்குமாயின் எந்த எஞ்சினையும் எந்த மனிதனையும் பழுதுபார்க்க இயலாது. எட்டுவகை வழியும் பயனற்றதாகும். "அவன் வேறு, நான் வேறு, அவன் செய்தது என்னைச் சாராது" என்பது மற்றொன்று. இது உச்சேதவாதம். முன்னது திருந்துவோனின் நம்பிக்கையைக் கொல்லும். பின்னது இழந்தவனின் நியாயத்தைக் கொல்லும்.

இது தனி மனிதனுக்கு மட்டும் உரிய செய்தியன்று. பழைய எஞ்சின்களின் வால்வு சீட்டுகளைத் தேயாமல் காத்த பொருள்களுள் பெட்ரோலில் கலந்த ஈயம் ஒன்று. எஞ்சின் தட்டலை அடக்குவதற்காக 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதைக் கண்டனர். எஞ்சினுக்கு இதமாயிருந்த அப்பொருள் புகையாகிக் குழந்தைகளின் மூளைக்கு நஞ்சாயிற்று. இந்தியா 2000ஆம் ஆண்டில் அதை நாடெங்கும் நீக்கிற்று. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021ஆம் ஆண்டில் நிறுத்திற்று. கலந்தவர் மாண்டனர், பயன் துய்த்தவருள்ளும் பலர் மாண்டனர், மண்ணில் விழுந்த ஈயம் மாளவில்லை. தூய்மை செய்ய வேண்டியவர் இன்று வாழ்வோரே. செய்தவர் இல்லாதபோதும் செய்கையின் பயன் உண்டென்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுவதில்லை.

நம்மவருக்கு நெருங்கிய செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். "மதம் மாறினால் மட்டும் நீ வேறா? நீ அவனேதான்" என்று நம்மை ஏளனம் செய்வோர் உளர். "மாறிவிட்டாய் அல்லவா, இனிப் பழைய குறையை ஏன் சொல்கிறாய்?" என்று கேட்போரும் உளர். முன்னவர் நித்தியவாதிகள், பின்னவர் உச்சேதவாதிகள். 1898ஆம் ஆண்டில் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதர், நம்மைப் பூர்வ பௌத்தர் என்றார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் இலட்சக்கணக்கானோருடன் தம்மம் தழுவியபோது, பழைய இழிவைக் கழற்றித் தட்டில் வைத்தார். கழற்றியது மெய். ஆயினும் பல நூற்றாண்டு எரிச்சல் சீட்டில் பறித்த குழி, நிலமின்மையாகவும் கல்வியின்மையாகவும் எஞ்சிற்று. அட்டவணைச் சாதியார்க்குரிய பாதுகாப்பு பௌத்தம் தழுவியோர்க்கும் உண்டு என்று 1990ஆம் ஆண்டில்தான் சட்டம் திருத்தப்பட்டது. நாம் அவரும் அல்லோம், பிறரும் அல்லோம். குழி உள்ளவரை அரைக்கும் வேலையும் உண்டு. சமுதாயம் நமக்குப் பட்ட கடனை நாம் இவ்வாறு நினைவூட்டுகிறோம் என்றால், நாம் பிறருக்குப் பட்ட கடனை மறக்கலாகுமோ? ஒரே நியாயத்தை வாங்கும்போது ஓர் அளவாலும் கொடுக்கும்போது மற்றோர் அளவாலும் அளப்பது தம்மமன்று.

கடனாளியாதல் இல்லறத்தானுக்குத் துன்பம் என்று பகவன் உரைத்துள்ளார். அநாதபிண்டிகருக்கு அவர் எடுத்துக் கூறிய இல்லறத்தானின் நான்கு இன்பங்களுள், நேரிய வழியில் பொருள் உடைமையும், அதைத் துய்த்தலும், பழியற்ற வாழ்வும் ஆகியவற்றோடு கடனின்மையும் ஒன்று. கொடாததை எடாமை நம் இரண்டாம் சீலம். கொடுத்ததைத் திருப்பாமையும் அச்சீலத்தின் ஓரத்தில் கசியும் துளியே.

அன்று இரவு விளக்கொளியில் மூன்றாம் முறையும் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். கசியவில்லை. மறுநாள் கேஸ்கட்டை இட்டு, ஹெட்டை அமர்த்தி, நட்டுகளை எதிரெதிராகப் படிப்படியாக முறுக்கினார். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் புஷ்ராடு விரலுக்குச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடலாகாது என்ற அளவுக்கு டேப்பெட்டைத் திருத்தினார். கிக்கர் இப்போது காலை எதிர்த்து நின்றது. மறு மிதியில் எஞ்சின் பேசிற்று. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளையும் டேப்பெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று சுவரில் கரியால் எழுதி வைத்தார். திருந்துதல் ஒரு நாளில் முடிவதன்று என்பதை அச்சுவரே நினைவூட்டும். இதனையே நற்கடைப்பிடி என்பர்.

அடுத்த வாரம் தேனி, போடி வழியாக மலையேறினார். பழுதுபார்த்த எஞ்சின் போடிமெட்டு வளைவுகளில் திணறவில்லையாம். சின்னம்மாவிடம் ஐயாயிரம் ரூபாயைக் கொடுத்து, மீதியை மாதந்தோறும் தருவதாகச் சொல்லி வந்தார்.

"சின்னம்மா என்ன சொன்னார்?" என்று கேட்டோம்.

"ஒன்றும் சொல்லவில்லை, ஐயா. பணத்தை எண்ணிப் பார்த்தார். பிறகு சோறு போட்டார்."

பழைய வால்வு இன்னும் அவர் வீட்டு மாடத்தில் இருக்கிறது. அது வணங்குவதற்கன்று, பார்ப்பதற்கு. மீதிப் பதினைந்தாயிரம் தீர்ந்த பின்னும் அதை எறியப் போவதில்லை என்கிறார். நாமும் எறியச் சொல்லவில்லை.